வீசும் தோளும் மோதும் தோளும் ஒன்றுதான்: ஒரே பிள்ளைக்குக் கிரிக்கெட்டும் ரக்பியும் பழக்கும் முறை

நமீபியாவின் ரூடி வான் வூரன் ஒரு மருத்துவர். 2003 பிப்ரவரியில், கிரிக்கெட் உலகக் கோப்பையில் மிதவேகம் வீசி இங்கிலாந்தின் 5 விக்கெட்டுகளை 43 ரன்னுக்கு எடுத்தார். அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் ஆஸ்திரேலியாவில் நடந்த ரக்பி உலகக் கோப்பையிலும் நாட்டுக்காக இறங்கினார். ஒரே ஆண்டில் இரண்டு உலகக் கோப்பையும் ஆடிய முதல் ஆள் அவர்தான். அவருடைய திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். பயிற்றுநர் பார்க்க வேண்டியது அந்த இரண்டு போட்டிகளுக்கும் நடுவே கிடந்த ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளியை. அந்த இடைவெளி இல்லாவிட்டால் எந்தத் தோளும் இரண்டு வேலையைத் தாங்காது.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் 12 வயதிலிருந்து 18 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு ஆட்டத்தையும் கற்றுத்தர நினைக்கும் பி.இ.டி. வாத்தியார்களுக்கும் பெற்றோருக்கும் இந்த வழிகாட்டி. கிரிக்கெட்டுக்கு இங்கே ஆள் பஞ்சமில்லை. கபடியும் மஞ்சுவிரட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பந்தை ஏந்தி ஓடுபவனை மோதிப் பிடிக்கும் ரக்பியின் பாதி ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் தவறு நேர்கிறது. தவறு நேர்ந்தால் முதலில் போவது தோள், அடுத்தது இடுப்பு.

மண் சொல்கிறபடி ஆண்டைப் பிரியுங்கள்

செட்டிநாட்டுப் பொட்டல்களில் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். கோடையில் அது சிமெண்ட் தரை. அதில் ஒருவனை இடுப்பில் பிடித்துத் தள்ளினால் விழுபவனின் முழங்கையும் தோள்பட்டையும் உரிந்து வரும்; தலை தரையில் பட்டால் அதைவிட மோசம். ஆகவே மோதல் பயிற்சியை ஐப்பசியிலிருந்து மார்கழிவரை மட்டும் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் செம்மண் மெத்தைபோல் இருக்கும். தண்ணீர் வேகமாக வடிந்துவிடுவதால் களிமண் நிலம்போல வழுக்கவும் வழுக்காது. ஒரு கெடுதல் உண்டு. மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போனதும் கூர்ச்சரளை தலைநீட்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பிள்ளைகளை ஒரே வரிசையாக, கை எட்டும் தூரம் இடைவெளி விட்டு நிறுத்தி, மைதானம் முழுக்கக் கல் பொறுக்கச் சொல்லுங்கள். சீமைக்கருவேல முள்ளும் அப்போதே கண்ணில் படும். காய்ந்த முள் ரப்பர் ஷூவையே துளைத்து ஏறும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழே விழுகிறவனுக்கு அது முழங்காலில் ஏறும்.

தையிலிருந்து பங்குனிவரை கிரிக்கெட். அந்த மாதங்களில் ரக்பிப் பந்தைத் தொட வேண்டுமானால் டச் ரக்பி போதும். அதில் மோதல் கிடையாது, கையால் தொட்டாலே பிடித்த கணக்கு. சித்திரை, வைகாசியில் காலை ஏழரை மணிக்குள் முடியுங்கள், அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு தொடங்குங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஓட்டப் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள்.

ஆடி மாதத்தை வீணாக்காதீர்கள். ஆடிக்காற்றில் உயரப்பந்து பிடிக்கப் பழகிய பிள்ளைக்கு மற்ற மாதங்களில் எந்தப் பந்தும் பெரிதாகத் தெரியாது. காற்றுக்கு எதிராக ஒருவர் உதைக்க, காற்றுக்கு முதுகு காட்டி இன்னொருவர் பிடிக்க வேண்டும். பத்துப் பந்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். இதையே கிரிக்கெட் பந்திலும் செய்யலாம், மட்டையால் உயரத் தூக்கி அடித்து.

ஒரே பேரேடு

இரட்டை ஆட்டக்காரனைக் கெடுப்பது பெரும்பாலும் மோசமான பயிற்றுநர் அல்ல. ஒருவரோடொருவர் பேசாத இரண்டு நல்ல பயிற்றுநர்கள். கிரிக்கெட் பயிற்றுநர் 8 ஓவர்தான் வீச வைத்தேன் என்பார், ரக்பி பயிற்றுநர் 12 டேக்கிள்தான் (பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவது) என்பார். இரண்டும் நியாயமான அளவு. ஆனால் இரண்டும் எழுதப்படுவது ஒரே தோளின் பெயரில்.

ஆகவே பிள்ளையின் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். இரண்டு பயிற்றுநரும் அதில்தான் எழுத வேண்டும். எண்ணும் முறை இப்படி:

முழு வேகத்தில் வீசிய ஒரு பந்துக்கு 1
எல்லைக்கோட்டிலிருந்து எறிந்த ஒரு முழு எறிதலுக்கு 1
நீளமாக உதைத்த ஓர் உதைக்கு 1
முழு மோதல் டேக்கிள் ஒன்றுக்கு 3 (பிடித்தாலும் பிடிபட்டாலும்)

இது ஆய்வகத்து அளவு அல்ல, மைதானத்தில் எளிதாக எண்ணுவதற்கான கணக்கு. பெரிய விஷயம் எண்ணிக்கை அல்ல, ஏற்ற இறக்கம். ஞாயிறு மாலை ஐந்தொகை போடுங்கள். கடந்த நான்கு வாரங்களின் தொகை 110, 120, 100, 130 என்றால் சராசரி 115. வரும் வாரம் 130ஐத் தாண்டக் கூடாது. அதாவது சராசரிக்கு மேல் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள். மோதல் மாதங்களில் ஒரு பள்ளி மாணவனின் சாதாரண வாரம் எப்படி இருக்கும்? 10 ஓவர் வீச்சுக்கு 60, எறிதல் 20, உதை 20, டேக்கிள் எட்டுக்கு 24, மொத்தம் 124. அதே வாரத்தில் டென்னிஸ் பந்து டோர்னமெண்ட் ஒன்றில் இரண்டு நாள் ஆடிவிட்டு வந்தால் தொகை எங்கேயோ போய்விடும். டென்னிஸ் பந்து லேசானது என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நடப்பில் உள்ள பெரிய ஓட்டை. பந்து லேசாக இருப்பதால்தான் பிள்ளை வேகத்துக்காகக் கையைச் சுண்டி இழுக்கிறான். அந்த இழுப்பு தோளின் பின்தசைக்கும் வேலை வைக்கும். அதையும் பந்துக்கு 1 என்றே எழுதுங்கள்.

பொங்கல், பரீட்சை என்று இரண்டு வாரம் ஓய்ந்துவிட்டு வருகிறவனைப் பழைய தொகையில் பாதியில்தான் தொடங்க வேண்டும். பழைய அளவுக்கு மூன்று வாரத்தில் திரும்பலாம். பரீட்சை முடிந்த முதல் வாரத்தில் ஆசையாக முழு வேகம் வீசுவதுதான் தசை கிழிவதற்குச் சுருக்கு வழி.

வேகப்பந்து வீச்சாளனுக்கு இந்தத் தொகைக்கு உள்ளேயே இன்னொரு வரம்பும் வேண்டும். 13 வயதுக்குள் ஒரு மூச்சில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர். 14, 15 வயதில் 6 ஓவர், நாளுக்கு 12. தொடர்ந்து மூன்றாம் நாள் வீசக் கூடாது. வாரத்தில் நான்கு நாள் போதும். சிமெண்ட் தளத்தில் மேட் விரித்து வீசுகிறவர்கள் இதிலும் கால் பங்கைக் குறையுங்கள். முன்காலில் இறங்கும் அடியை சிமெண்ட் வாங்கிக்கொள்ளாது, முழங்காலும் இடுப்பும்தான் வாங்கும்.

இடது காலுக்கு இரட்டை வேலை

வலக்கையால் வீசுகிறவன் இடது காலில் இறங்குகிறான். வலது காலால் உதைக்கிறவனும் இடது காலைத்தான் ஊன்றுகிறான். ஆக, வீச்சாளனாகவும் உதைப்பவனாகவும் இருக்கும் பிள்ளையின் இடது முழங்காலும் இடுப்பின் இடப்பக்கமும் இரண்டு ஆட்டத்துக்கும் கப்பம் கட்டுகின்றன. வீச்சு இருக்கும் நாளில் உதைப் பயிற்சி வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமானால் உதை முதலில், 10க்கு மேல் வேண்டாம்.

வலக்கை வீச்சாளன் இடது இடுப்பில் வலி என்றால் காதுகொடுத்துக் கேளுங்கள். ஒற்றைக் காலில் நின்று மெல்லப் பின்னால் வளையச் சொல்லுங்கள். அந்த இடத்தில் சுருக்கென்று குத்தினால் வீச்சு அன்றோடு நின்றாக வேண்டும். வளரும் வயதில் கீழ்முதுகெலும்பில் விழும் களைப்பு முறிவு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் விரிசல்) பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் வரும். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிடிபடும். பெல்ட் கட்டிக்கொண்டு, தைலம் தேய்த்துக்கொண்டு வீசினால் சில மாத ஓய்வில் சேர வேண்டிய எலும்பு சேராமலே போய்விடும்.

மோதலைக் கற்றுக்கொடுப்பது

கபடிப் பிள்ளை தாழ்ந்து போவான். கணுக்கால், தொடை என்று பிடிப்பான். அது ரக்பிக்கு நல்ல அடித்தளம். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கூடவே வரும்: பிடித்தவனை விடமாட்டான். கபடியில் விட்டால் ஆள் கோட்டைத் தொட்டுவிடுவான், அதனால் உடும்புப்பிடி. ரக்பியில் ஆள் தரையில் விழுந்த கணமே பிடித்தவன் விட்டுவிட்டு உருண்டு விலக வேண்டும். விழுந்தவனும் பந்தை உடனே விட வேண்டும். இல்லாவிட்டால் எதிரணிக்குப் பெனால்டி. "விடு, உருளு, எழு" என்று மூன்று சொல்லையும் உரக்கச் சொல்லியபடியே செய்யப் பழக்குங்கள். இரண்டு வாரத்தில் வாய் சொல்வதை உடம்பு கேட்கத் தொடங்கும்.

சிறாவயல், அரளிப்பாறை மஞ்சுவிரட்டில் மாட்டைத் தழுவும் அண்ணன்மாரைப் பார்த்து வளர்ந்தவனின் பழக்கம் வேறு. திமிலைப் பிடிக்கும் கை மனிதனைப் பிடிக்கும்போது கழுத்துக்குப் போகும். ரக்பியில் தோளுக்கு மேலே பிடித்தால் குற்றம். ஆட்டத்தை விட்டே அனுப்பவும் கூடும். அந்தப் பிள்ளைக்கு எதிராளியின் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிவிட்டு, "துண்டுக்குக் கீழேதான் தோள் படணும்" என்று சொல்லுங்கள். வாயால் நூறு முறை சொல்வதைவிட அந்தத் துண்டு சீக்கிரம் திருத்தும்.

யாராக இருந்தாலும் முதலில் விழப் பழக வேண்டும். முழங்கால், தொடை, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரை தொட வேண்டும்; தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். கையை நீட்டித் தரையில் ஊன்றினால் மணிக்கட்டோ காறை எலும்போ போகும். கிரிக்கெட்டில் பாய்ந்து பந்து தடுக்கும் பழக்கம் உள்ளவன் கையைத்தான் முதலில் நீட்டுவான், ஆகவே இரண்டு கையாலும் பந்தை அணைத்தபடியே விழப் பழக்குங்கள்.

பிறகு டேக்கிள். ஐந்து படிகள். இருவரும் முழங்காலில் நின்று பிடிப்பது முதல் படி. பிடிப்பவன் முழங்காலில், வருபவன் நடையில் என்பது இரண்டாவது. பிடிப்பவன் குந்தியிருந்து எழுந்து பிடிப்பது மூன்றாவது. பிடிப்பவன் நின்றபடி, வருபவன் மெல்லோட்டத்தில் வருவது நான்காவது. ஐந்து மீட்டர் அகலச் சந்து ஒன்றைக் குறித்து ஒருவனுக்கு ஒருவனாக விடுவது ஐந்தாவது. ஒவ்வொரு படியிலும் இரண்டு தோளிலும் இருபது சுத்தமான பிடி வந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரே மாலையில் இதை முடிக்க நினைக்காதீர்கள். ஐந்து படிக்கும் சேர்த்து ஆறு வாரமாவது ஆகும்.

பிடிக்கும்போது பார்க்க வேண்டியது நான்கு. எந்தத் தோளால் மோதுகிறானோ அதே பக்கக் கால் எதிராளியின் பாதத்துக்கு ஒரு சாண் அருகில் போக வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், எதிராளியின் அரைக்கால் சட்டையைப் பார்க்க வேண்டும். தலை அவன் உடம்புக்குப் பின்பக்கம் போக வேண்டும், கன்னம் அவன் புட்டத்தில் ஒட்டும்படி. கைகள் இரண்டும் சுற்றிப் பூட்ட வேண்டும். கை சுற்றாமல் தோளை மட்டும் இடித்தால் அதுவும் குற்றம்.

தலை முன்னால் போனால் ஓடிவருபவனின் முழங்கால் நெற்றியில் அடிக்கும். மூளை அதிர்ச்சிக்கும் கழுத்துக் காயத்துக்கும் இது ஒரு முக்கியக் காரணம். ஏன் முன்னால் போகிறது? பிடிக்க வருகிறவன் எதிராளியின் நடு உடம்பைக் குறிவைத்து நேராக ஓடுவதால். உட்பக்க இடுப்பைக் குறிவைக்கச் சொன்னால் தலை தானாகப் பின்னுக்குப் போகும். அடுத்த தவறு எட்டிப் பிடிப்பது. கால் தூரத்தில் இருக்க, கை மட்டும் விரிந்து போனால் ஓடுகிறவனின் முழு எடையும் அந்தக் கையைப் பின்னால் இழுக்கும். தோள் நழுவுவது இப்படித்தான். ஒருமுறை நழுவிய தோள் மறுபடியும் நழுவப் பார்க்கும், வீச்சாளனுக்கு அது பாதி வாழ்க்கையைப் பறிக்கும். அதனால்தான் காலை அருகே வை என்பதைக் கத்திக் கத்தியாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

வலக்கை வீச்சாளனுக்குப் பயிற்சியில் மூன்றில் இரண்டு பங்கு மோதலை இடத்தோளுக்குக் கொடுங்கள். ஆட்டத்தில் தோளைத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்காது என்பது உண்மைதான். அதனால் வலத்தோளும் முறையைக் கற்றிருக்க வேண்டும். கற்றபின் தேய்மானத்தை இடத்தோள் ஏற்கட்டும்.

மோதப் பழகும் மூட்டை கடையில் வாங்கினால் விலை அதிகம். இரண்டு பெரிய சணல் சாக்குகளை வாய்க்கு வாய் வைத்துத் தைத்து, தை அறுவடைக்குப் பின் மலிவாகக் கிடைக்கும் வைக்கோலையும் கிழிந்த துணியையும் இறுக்கித் திணித்து, பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு நிறுத்துங்கள். இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ வந்தால் சரி. எடை போதவில்லை என்று அடியில் மணல் கொட்டுகிறவர்கள் உண்டு. நாலு நாளில் மணல் இறுகிக் கல்லாகிவிடும், அதில் மோதும் தோளின் நுனிமூட்டு வீங்கும். ஈரம் பட்ட வைக்கோல் பூஞ்சை பிடித்துத் தும்மலும் இளைப்பும் தரும், மாதம் ஒருமுறை அவிழ்த்துக் காயவையுங்கள்.

இரு அணி முன்வீரர்களும் குனிந்து, பிணைந்து தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசைக்கு இந்தப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். கழுத்தும் முதுகும் ஏற்கும் அழுத்தம் வேகப்பந்து வீச்சோடு சேரவே சேராது. ஃப்ளை-ஹாஃப் (ஆட்டத்தை நடத்தி உதைப்பவர்), விங் (ஓரத்தில் ஓடுபவர்), ஃபுல்-பேக் (கடைசிக் காவல்) ஆகிய இடங்கள்தான் இவர்களுக்கு. நியூசிலாந்தின் ஜெஃப் வில்சன் விங்கில் ஆடியவர், இங்கிலாந்தின் எம்.ஜே.கே. ஸ்மித் ஃப்ளை-ஹாஃபில் ஆடினார், கிரிக்கெட்டில் 50 டெஸ்ட் ஆடி 25இல் அணித்தலைவராகவும் இருந்தார்.

கை: எது ஒட்டும், எது ஒட்டாது

கிரிக்கெட் பந்து ஏறக்குறைய 160 கிராம். ரக்பிப் பந்து 410 முதல் 460 கிராம், நீளம் 28 முதல் 30 செ.மீ. இது 5ஆம் அளவு. 14 வயதுக்குள் உள்ளவர்களுக்கு 4ஆம் அளவு கொடுங்கள். காற்று 9.5 முதல் 10 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். சைக்கிள் கடைக் கம்ப்ரஸரில் நேராக அடித்தால் அளவு தாண்டிப்போய்ப் பந்து கல்லாகும், விரல் மடங்கும். கைப்பம்பால் அடித்து, மீட்டர் வைத்துப் பாருங்கள். வெயிலில் கிடந்த பந்தில் அழுத்தம் ஏறியிருக்கும். நிழலில் ஆறவிட்ட பிறகே அளவெடுங்கள்.

கிரிக்கெட்டில் பந்தைக் கை உள்வாங்கிப் பிடிக்கிறோம், வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொள்கிறோம். அதே பழக்கத்தோடு ரக்பியில் பாஸ் வாங்கினால் பந்து வயிற்றுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் எதிராளி வந்து விழுந்துவிடுவான். பாஸ் வாங்கும் கைகள் பந்து வரும் திசையை நோக்கி முன்பே நீண்டிருக்க வேண்டும், விரல் மேல்நோக்கி விரிந்திருக்க வேண்டும், பிடித்த இடத்திலிருந்தே மறுபக்கம் போக வேண்டும். பாஸ் எப்போதும் பக்கவாட்டில் அல்லது பின்னால். முன்னால் போனால் தவறு. ஓடும் நாலு பேரைச் சாய்வு வரிசையில் நிறுத்தினால் இது தானாக வரும்.

உயரப்பந்துக்கு நேர்மாறு. ரக்பியில் முழங்கைகளை நெருக்கி, நெஞ்சுக்கு முன் தொட்டில் கட்டி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு முழங்காலைத் தூக்கியபடி குதித்துப் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்புவது ஏனென்றால், நழுவினாலும் பந்து முன்னால் விழாமல் பின்னால் விழும். இந்தத் தொட்டில் பழக்கம் கிரிக்கெட்டுக்கு வந்தால் பந்து நெஞ்செலும்பில் பட்டுத் தெறிக்கும். எனவே மழைக்காலம் முடிந்து கிரிக்கெட்டுக்குத் திரும்பும் முதல் இரண்டு வாரம், தினமும் 30 உயர கேட்ச் கையால் மட்டும் பிடிக்க வையுங்கள்.

இரண்டு ஆட்டத்துக்கும் அப்படியே ஒட்டுவது ஒன்று உண்டு. அது தாழ்ந்து குந்தி, பாதம் லேசாக, கண் பந்தில் நிலைத்து நிற்கும் நிலை. நியூசிலாந்தின் எரிக் டிண்டில் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர். 1936இல் இங்கிலாந்துக்கு எதிராக ரக்பி டெஸ்டும் (நாட்டுக்கு நாடு ஆடும் ஆட்டம்) ஆடினார். பின்னாளில் இரண்டு ஆட்டத்திலும் டெஸ்ட் நடுவராகவும் நின்றார். இந்த நான்கையும் செய்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். விக்கெட் கீப்பராக இருக்கும் பிள்ளைக்கு ரக்பி எளிதில் வருவதைப் பயிற்றுநர்கள் கவனித்துப் பாருங்கள். வீசும் தோளுக்கு உள்ள சுமையும் அவனுக்கு இல்லை. பத்துப் பிள்ளைகளில் ஒருவனைத்தான் இரண்டு ஆட்டத்துக்கும் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், எங்கள் தேர்வு கீப்பர்தான்.

உதைப்பவனுக்கும் மட்டையடிப்பவனுக்கும் பொதுவான இன்னொன்று, ஒரே ஒழுங்கைத் திரும்பத் திரும்பச் செய்வது. நியூசிலாந்தின் பிரையன் மெக்கெக்னி 1978இல் கார்டிஃப் மைதானத்தில் கடைசி நிமிடங்களில் ஒரு பெனால்டியை உதைத்து வேல்ஸை 13–12 என வென்று கொடுத்தார். 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில், கடைசிப் பந்தில் 6 அடித்தால் சமன் என்ற நிலையில் மட்டையோடு நின்றவரும் அவரே. ட்ரெவர் சாப்பல் தரையோடு பந்தை உருட்டிவிட்டது அவருக்குத்தான். பிள்ளைக்கும் ஓர் ஒழுங்கு இருக்கட்டும்: பந்தை நிறுத்து, மூன்று எட்டுப் பின்னால், இரண்டு எட்டுப் பக்கவாட்டில், ஒரு மூச்சை முழுக்க வெளியே விடு, பிறகு ஓடு. ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கை, அதே வரிசை.

உடம்பைக் கட்டுவது

கழுத்து முதலில். உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை நகராமல் எதிர்த்துத் தள்ளுவது 10 விநாடி. அப்படியே பின்தலை, இடம், வலம். மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். மோதல் மாதங்களுக்கு ஆறு வாரம் முன்பே, அதாவது ஆவணிக் கடைசியிலேயே தொடங்க வேண்டும்.

தொடையின் பின்தசை இரண்டு ஆட்டத்திலும் கிழியும். ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, முழங்காலில் நின்றபடி உடம்பை மெதுவாக முன்னே சாய்த்து இறங்குங்கள். ஐந்து முறை வீதம் இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு நாள். முதல் வாரம் உட்கார்ந்து எழவே வலிக்கும். ஆகவே ஆட்டத்துக்கு முந்தின நாள் வேண்டாம். பெண்பிள்ளைகளுக்குக் குதித்து இறங்கும் பயிற்சி கூடுதலாக வேண்டும்: ஓர் அடி உயரத் திண்ணையிலிருந்து குதித்து, முழங்கால் உட்புறம் சாயாமல், பாதவிரலுக்கு நேராக இருக்கும்படி இறங்க வேண்டும். முழங்கால் நாண் அறுவது அவர்களுக்கு அதிகம், அது பெரும்பாலும் இறங்கும்போதும் திடீரெனத் திரும்பும்போதும்தான்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. பயிற்சிக்கு மூன்று மணிநேரம் முன் இட்லியோ கேப்பைக் கூழோ, முக்கால் மணி முன் ஒரு வாழைப்பழம். எண்ணெயில் பொரித்த வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் பயிற்சிக்குப் பிறகு. முன்னால் சாப்பிட்டால் ஓடும்போது வயிற்றைப் பிரட்டும். கால் மணிக்கு ஒருமுறை 150 மி.லி. தண்ணீர், ஒரு மணிநேரம் தாண்டினால் உப்பிட்ட நீர்மோர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும்.

அடிபட்டால்

தலையில் அடிபட்டுத் தடுமாறினால், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், வெளிச்சம் கூசினால், வாந்தி வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தண்ணீர் தெளித்து மறுபடி இறக்குவது உயிரோடு விளையாடுவது. மருத்துவரிடம் காட்டி, அறிகுறி முழுக்க நின்று, படிப்படியாக ஓட்டம், பந்து, பிறகு மோதல் என்று வந்து, 21 நாளுக்குப் பிறகே போட்டி. இந்த 21 நாள் கிரிக்கெட்டுக்கும் சேர்த்துத்தான். அதிர்ந்த தலையோடு வேகப்பந்தை எதிர்கொண்டால் பந்து வருவது சற்றுத் தாமதமாகத்தான் தெரியும். தலையில் மாட்டும் மெத்தைத் தொப்பி காது கிழியாமல் காக்கும், மூளை அதிர்வதைத் தடுக்காது.

விரலில் பந்து குத்தி நுனி தொங்கினால் உருவிவிடாதீர்கள், சொடக்கு எடுக்காதீர்கள். விரலை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கும். நுனியை நேராக நிறுத்தி ஆறு முதல் எட்டு வாரம் இடைவிடாமல் கட்டி வைக்க வேண்டும். நடுவில் ஒருமுறை மடக்கிப் பார்த்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

ஷூவுக்கு ஒரு வார்த்தை: கிரிக்கெட்டின் இரும்பு முள் ஷூவோடு யாரையும் ரக்பிக்கு இறக்காதீர்கள், கீழே கிடப்பவனின் கையைக் கிழிக்கும். சரளை மண்ணுக்கு உயரம் குறைந்த ரப்பர் கட்டை ஷூதான் இரண்டுக்கும் உதவும். பல்காப்பு கட்டாயம். வெந்நீரில் முக்கி, கடித்துப் பதிக்கும் வகை போதும். வளரும் பிள்ளைக்குப் பல்வரிசை மாறுவதால் ஆண்டுதோறும் புதிதாகப் பதியுங்கள்.

எப்போது ஒன்றை விடுவது

1995இல் ரக்பி சம்பள ஆட்டமாக மாறியது. அதன் பிறகு பெரிய நாடுகளில் இரண்டையும் ஆடுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஜெஃப் வில்சன் 1993 மார்ச்சில் ஹாமில்டனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 28 பந்தில் ஆட்டமிழக்காமல் 44 எடுத்து நியூசிலாந்தை வெல்லவைத்தபோது அவருக்கு 19 வயது. அந்த நவம்பரிலேயே ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் ரக்பி டெஸ்டில் மூன்று ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) வைத்தார். பிறகு ரக்பியே வாழ்க்கையாகி, கிரிக்கெட் அணிக்குத் திரும்பியது 2005இல்தான்.

நம் பிள்ளைக்கும் அந்தக் கட்டம் 17, 18 வயதில் வரும். மாவட்டக் கிரிக்கெட் சங்கத் தேர்வும் மாநில ரக்பி முகாமும் ஒரே வாரத்தில் விழும். அப்போது தொகை நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எந்த மாதங்களில் தோளும் இடுப்பும் வலி இல்லாமல் இருந்திருக்கின்றன, எந்த ஆட்டத்தில் தேறியிருக்கிறான் என்பது அங்கே இருக்கும். நம் நாட்டில் கிரிக்கெட்டில் இடம் கிடைப்பது கடினம். ரக்பி இன்னும் திறந்து கிடக்கும் வாசல். ஏழு பேர் ஆடும் செவன்ஸ் 2016 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2025இல் தொடங்கிய ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை வென்றது சென்னை புல்ஸ் அணி. செவன்ஸ் ஒரு ஆட்டம் 14 நிமிடம்தான் என்பதால், கிரிக்கெட்டை முழுக்க விடாமல் இன்னும் ஓரிரண்டு ஆண்டு ஓட்டவும் அதில் வழி உண்டு.

எந்த முகாமுக்குப் போனாலும் நோட்டைக் கையோடு கொடுத்தனுப்புங்கள். முதல் பக்கத்தில் வீசும் கை, உதைக்கும் கால், பழைய காயங்கள், தலையில் அடிபட்ட தேதிகள், கடைசி நான்கு வாரத் தொகை ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். புதிய பயிற்றுநர் முதல் நாள் முழு வேகம் கேட்டால், பிள்ளை வாய்திறந்து மறுக்கக் கூச்சப்படுவான். அந்தப் பக்கத்தைக் காட்டக் கூச்சப்பட மாட்டான்.